சிகாகோவின் சாக்பீஸ் சுவர்

சிகாகோவில் ரெட் லைன் ரயிலேறி அடிசன் நிலையத்தில் இறங்கினால் நடைமேடையிலிருந்தே ரிக்லி ஃபீல்டு மைதானம் தெரியும். அங்கே ரயில் தரைக்கு மேலே, தூண்களின் மீது ஓடுகிறது. 2016 நவம்பர் 3ஆம் தேதி காலையில் என்னோடு பெட்டியில் வந்தவர்களில் பாதிப் பேர் நீலத் தொப்பி போட்டிருந்தார்கள். இரவெல்லாம் தூங்காத கண்கள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியவர்களும் அடிசன் வந்ததும் இறங்கிக்கொண்டார்கள். வேலை எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருப்பார்கள்.

முந்தைய இரவுதான் சிகாகோ கப்ஸ் அணி பேஸ்பாலின் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றிருந்தது. அதற்கு முன் அந்த அணி வென்றது 1908 அக்டோபரில், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் அறிமுகமான அதே மாதத்தில். நடுவில் 108 ஆண்டுகள். அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் வேறெந்த அணியும் இவ்வளவு காலம் காத்திருந்ததில்லை. ரிக்லி ஃபீல்டு கட்டப்பட்டதே 1914இல்தான். கப்ஸ் அணி அங்கே குடிவந்தது 1916இல். அன்றிலிருந்து சரியாக ஒரு நூற்றாண்டு, அந்த மைதானத்துக்குக் கோப்பை வரவே இல்லை.

ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்குக் கோப்பை. கிளீவ்லாந்து அணி 3-1 என்று முன்னே போயிருந்தது. கப்ஸ் அடுத்த இரண்டையும் வென்று சமன் செய்தது. ஏழாவது ஆட்டம் கிளீவ்லாந்து மைதானத்தில். நான் அதைச் சிகாகோவின் மையப் பகுதியில், தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் பார்த்தேன். சோபாக்களில் இடமில்லாமல் தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை ஊழியர்கள் வாசலில் நின்றபடியே பார்த்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் 6-3 என்று முன்னே இருந்தது. இன்னும் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும். அந்த இடத்தில் ஓட்டங்கள் விழ ஆரம்பித்தன. கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸ் இடது பக்க எல்லைக்கு வெளியே ஒரு ஹோம் ரன் அடித்தார். 6-6.

அறையில் யாரும் கத்தவில்லை, திட்டவுமில்லை. என் பக்கத்தில் இருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய ஆள் எழுந்து வெளியே போய் நடைபாதையில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொல்லி ஒரு பெண் சைகை காட்டினார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டாமல், அதைப் பார்க்கவும் செய்யாமல், கண்ணாடிக்கு அப்பால் நின்று எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் மீதியை அவர் எங்கள் முகத்தில்தான் பார்த்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிந்ததும் கிளீவ்லாந்தில் மழை. ஆட்டம் 17 நிமிடம் நின்றது. அந்த இடைவெளியில் ஜேசன் ஹேவர்ட் என்ற கப்ஸ் வீரர் சக ஆட்டக்காரர்களை உடற்பயிற்சி அறைக்குள் கூட்டி வைத்துப் பேசினார். அந்த சீசன் முழுக்கத் தன் மட்டையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் தவித்தவர் அவர். அணியைத் தட்டி எழுப்பியவர் அவர்தான் என்பது எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. மழை விட்டதும் பென் ஸோப்ரிஸ்ட் இடது கோட்டை ஒட்டி அடித்த பந்தில் கப்ஸ் முன்னே போனது. முடிவு 8-7. கடைசிப் பந்தை எடுக்க ஓடிவந்த கிரிஸ் பிரையன்ட் ஈரப் புல்லில் கால் வழுக்கியும் எறிந்தார். அவர் முகத்தில் பந்தைத் தொடும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. முதல் பேஸில் நின்ற ஆன்டனி ரிஸோ அதைப் பிடித்து, உடனே பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். சிகாகோவில் அப்போது நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கண்ணாடிக்கு வெளியே நின்றவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அடிசனில் இறங்கிய கூட்டம் ஷெஃபீல்டு தெருவுக்குத் திரும்பியது. மைதானத்தின் வலது எல்லைக்குப் பின்னால் ஓடும் தெரு அது. அங்கிருந்து இடது பக்கம் திரும்பினால் வேவ்லாந்து. இரண்டு தெருக்களிலும் எதிர்வரிசை வீடுகளின் மொட்டை மாடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். ஜன்னல்களில் எல்லாம் வெள்ளைக் கொடி, அதில் நீல நிறத்தில் ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து. கப்ஸ் வென்றால் மைதானத்தில் ஏற்றும் கொடி அது. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை ‘எல்’. ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்து அன்றைய முடிவைத் தெரிந்துகொள்வதற்காக வந்த வழக்கம். செல்பேசி வந்த பிறகும் அதை விடவில்லை.

ஆனால் கூட்டம் கொடிகளைப் பார்க்க வரவில்லை. மைதானத்தின் வெளிப்புறச் செங்கல் சுவரைப் பார்க்க வந்திருந்தது. வேர்ல்டு சீரிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் அந்தச் சுவரில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அணிக்கு வாழ்த்து, வீரர்களின் பெயர். பிறகு இறந்துபோனவர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. நான் போன காலையில் சுவரில் கை எட்டும் உயரம் வரை செங்கல்லின் சிவப்பே சரியாகத் தெரியவில்லை. வெள்ளை, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பெயருக்கு மேல் பெயர். தாமதமாக வந்தவர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கி மேலே எழுத வைத்தார்கள். ஒருவர் ஏணியே கொண்டுவந்திருந்தார். அதை அவர் யாருக்கும் மறுக்கவில்லை. ஆளாளுக்கு ஏறி எழுதிவிட்டு இறங்கினார்கள், அடுத்தவருக்கு அவர்களே பிடித்துக்கொண்டார்கள்.

பெயர்களைவிட உறவுகளே அதிகம். அப்பா. தாத்தா. பாட்டி. பெரிய மாமா. பக்கத்தில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். 1909 முதல் 1998 வரை என்று ஒன்று. 1911 முதல் 2003 வரை என்று இன்னொன்று. கப்ஸ் வென்ற பிறகு பிறந்து, அடுத்து வெல்லும் முன்பே போய்ச் சேர்ந்த முழு ஆயுட்காலங்கள். பார்க்கக் கொடுத்து வைக்காதவர்களின் பட்டியல் அந்தத் தெரு நீளத்துக்கும் போனது.

எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஒரு செங்கல்லுக்கு ஓர் எழுத்து என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். செங்கல்லின் சொரசொரப்பில் சாக்பீஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். அவர் கைப்பையில் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பெயரை முடித்துவிட்டு, எதிரே வந்து நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். “எங்கப்பா 1945ல இதே மைதானத்துல ஆட்டம் பார்த்தவர். தோத்தப்ப ‘அடுத்த வருஷம்’னு சொன்னாராம். நான் பிறந்த பிறகும் வருஷா வருஷம் அதையேதான் சொன்னார். கடைசியா ஆஸ்பத்திரியில் இருந்தப்பவும் அதேதான்” என்றார். பிறகு குனிந்து கீழே இன்னொரு பெயரை எழுதினார். அது அவருடைய கணவர். அவர் கப்ஸ் ரசிகரே இல்லையாம். நகரின் தெற்குப் பகுதியில் இருக்கும் போட்டி அணியான ஒயிட் சாக்ஸின் ரசிகர். அந்த அணி 2005லேயே, 88 ஆண்டுகள் கழித்துக் கோப்பை வாங்கிவிட்டது. “அவர் தன் கோப்பையைப் பார்த்துட்டுத்தான் போனார். இருந்தாலும் இன்னிக்கு அவரும் இங்க இருக்கணும்” என்றார்.

மழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் பெயின்ட் கொண்டுவரவில்லை.

கப்ஸ் அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆட்டுக்கடா சாபத்திலிருந்துதான் தொடங்குவார்கள். பில்லி சயானிஸ் என்ற கிரேக்க வம்சாவளி மதுக்கடைக்காரர் 1945 வேர்ல்டு சீரிஸின்போது தன் ஆட்டோடு மைதானத்துக்கு வந்தார், நாற்றம் தாங்கவில்லை என்று ஆட்டை வெளியேற்றினார்கள், கோபத்தில் அவர் சாபமிட்டார் என்பது கதை. ஊரே அதை விரும்பிச் சொல்கிறது. எனக்கு அதில் ஈர்ப்பில்லை. 1908க்கும் 1945க்கும் இடைப்பட்ட தோல்விகளுக்கு எந்த ஆடு பொறுப்பு? பல ஆண்டுகள் அணியை நடத்திய விதமே சரியில்லை. 1961இல் தலைமைப் பயிற்சியாளர் என்று ஒருவரை நிரந்தரமாக வைக்காமல், பயிற்சியாளர் குழுவில் ஆளை மாற்றி மாற்றி அமர்த்தும் சோதனையில் இறங்கினார் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி. எதிர்பார்த்தபடியே அது படுதோல்வி. 1941 இறுதியில் மைதானத்துக்கு விளக்குகள் வாங்கி வைத்திருந்தார்கள். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அவற்றைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் போர் முடிந்த பின்னும் 1988 ஆகஸ்ட் வரை ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் அணி விளக்கொளியில் ஆடவே இல்லை. மற்ற எல்லா அணிகளும் இரவில் ஆடிக்கொண்டிருந்தபோது இவர்கள் வெயிலிலேயே ஆடினார்கள்.

2011இல் தியோ எப்ஸ்டீன் அணி நிர்வாகத்தின் பொறுப்பை ஏற்ற பிறகுதான் நிலைமை மாறியது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பை 2004இல் முடித்து வைத்தவர் அவர். 2012இல் கப்ஸ் 101 ஆட்டங்களில் தோற்றது. இளைஞர்களைச் சேர்த்து வளர்க்கிறோம், பொறுங்கள் என்றார்கள். 2016இல் அதே அணி 103 ஆட்டங்களை வென்றது. சாபம் தீர்ந்ததாகச் சொன்னால் இந்த உழைப்பு மறைந்துவிடுகிறது.

சாபக் கதையால் வந்த கேடு இன்னொன்று உண்டு. 2003 அக்டோபரில், வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைய இன்னும் ஐந்து பேரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டிய நிலையில், கப்ஸ் 3-0 என்று முன்னே இருந்தது. எல்லைக்கு வெளியே பார்வையாளர் பக்கம் போன ஒரு பந்தை நோக்கி நான்கைந்து பேர் கை நீட்டினார்கள். ஒருவர் கையில் அது பட்டது. அதைப் பிடிக்கப் பாய்ந்த வீரர் கோபத்தில் துள்ளினார். அதன் பிறகு எதிரணி அந்த இன்னிங்ஸில் எட்டு ஓட்டங்கள் எடுத்தது. அதில் கப்ஸ் வீரர் ஒருவர் கைக்கு வந்த எளிய பந்தைத் தவறவிட்டதும் அடக்கம். மறுநாள் இன்னொரு ஆட்டம் இருந்தது, அதிலும் தோற்றார்கள். ஆனால் பழி முழுவதும் விழுந்தது 26 வயதான அந்த ரசிகர் மீது. மைதானத்தில் அவர் மீது பானங்களை ஊற்றினார்கள். பாதுகாவலர்கள் மறைத்து வெளியே கொண்டுபோனார்கள். அவர் வீட்டுக்கு போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். பேட்டிக்கும் விளம்பரத்துக்கும் வந்த பணத்தையெல்லாம் மறுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தன்னை விட்டுவிட வேண்டும் என்று மட்டுமே கேட்டவர் என்பதால் அவர் பெயரை நான் எழுதவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த அணியை நேசித்த மனிதருக்கு அதே அணியின் ரசிகர்கள் செய்தது அநியாயம். இறந்தவர்களை இவ்வளவு மென்மையாக நினைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர் உயிரோடு இருந்த ஒருவரை அப்படி நடத்தியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2017இல் கப்ஸ் நிர்வாகம் வீரர்களுக்குக் கொடுத்தது போன்ற சாம்பியன் மோதிரத்தை அவருக்கும் கொடுத்தது. தாமதம்தான். ஆனாலும் செய்தார்கள்.

மைதானத்திலிருந்து கிளார்க் தெருவில் வடக்கே நடந்தால் சிறிது தூரத்தில் கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டம். சிகாகோவைக் கட்டிய பெரும் கட்டடக் கலைஞர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். லூயி சல்லிவன் இருக்கிறார். சியர்ஸ் டவரின் கட்டமைப்பை வடிவமைத்த, டாக்காவில் படித்து வந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அன்று வந்தவர்கள் தேடியது எர்னி பேங்க்ஸை. 1953இல் கப்ஸ் அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர். 512 ஹோம் ரன்கள் அடித்தவர். தன் 19 சீசன்களையும் கப்ஸுக்கே கொடுத்தார், ஒருமுறைகூட வேர்ல்டு சீரிஸில் ஆடக் கிடைக்கவில்லை. 2015 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டே அணி வென்றது. அவருக்காக ‘டபிள்யூ’ கொடி ஒன்றைக் கொண்டுவந்திருந்த தந்தை, கூட வந்த மகனிடம் அவர் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்கு ஏழெட்டு வயது. காத்திருப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை.

அந்த நாட்களில் தெருவெங்கும் ஒரு பாட்டுக் கேட்டது. கப்ஸ் வெல்லும்போதெல்லாம் மைதானத்தில் எல்லோரும் எழுந்து பாடும் பாட்டு. அதை எழுதியவர் ஸ்டீவ் குட்மன் என்ற சிகாகோப் பாடகர், 1984இல். ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்டு அதே ஆண்டு செப்டம்பரில் 36 வயதில் இறந்தார். அவர் இறந்து நான்கே நாளில் கப்ஸ் தன் பிரிவில் முதலிடம் பெற்று, 1945க்குப் பிறகு முதல்முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது. அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை நண்பர்கள் ரிக்லி ஃபீல்டில் தூவினார்கள். நள்ளிரவில் தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டு அதைப் பாடிய இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அவர்கள் பாடியதே போதும் என்றுதான் தோன்றியது.

நவம்பர் 4 வெள்ளிக்கிழமை ஊர்வலம். வானம் தெளிவாக, நவம்பருக்குப் பொருந்தாத இதமான வெயில். செயின்ட் பேட்ரிக் திருநாளில் பச்சையாக்கும் சிகாகோ ஆற்றை அன்று நீலமாக்கியிருந்தார்கள். ரிக்லி ஃபீல்டில் புறப்பட்ட திறந்த பேருந்துகள் ஏரிக்கரைச் சாலையில் வந்து, மிச்சிகன் அவென்யூ வழியாக கிராண்ட் பார்க்கை அடைந்தன. கூட்டம் 50 லட்சம் என்றது நகர நிர்வாகம். நகரத்தின் மக்கள்தொகையே 27 லட்சம்தான் என்பதால் அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் நான் நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் மறுபடி இறக்க இடமில்லை. நான்கு நாளில் அதிபர் தேர்தல். நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்த ஆண்டு சிகாகோவில் மட்டும் 700க்கு மேற்பட்ட கொலைகள். அன்று ஒரு நாள் அந்தப் பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. மேடையில் ரிஸோ, ஓய்வு பெறப்போகும் மூத்த வீரர் டேவிட் ராஸுக்கு நன்றி சொல்லும்போது அழுதுவிட்டார். பின்பாக்கெட்டில் செருகி வைத்த அந்தக் கடைசிப் பந்தை எடுத்து உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸிடம் கொடுத்தார்.

ஊர்வலம் பெரிது, அழகானது. என்றாலும் எனக்கு அது இரண்டாவதுதான். உலகில் எந்த ஊர் கோப்பை வென்றாலும் பேருந்தும் மேடையும் காகிதத் துணுக்குகளும் வரும். இறந்தவர்களை அழைத்துச் சேதி சொன்னதுதான் சிகாகோவின் தனிக் கொண்டாட்டம். நகரின் வடமேற்கில் பொஹீமியன் நேஷனல் கல்லறைத் தோட்டத்தில், ரிக்லி ஃபீல்டின் எல்லைச் சுவரைப் போலவே செங்கல் சுவர் ஒன்று கொடி படர நிற்கிறது. கப்ஸ் ரசிகர்களின் அஸ்தியை வைப்பதற்கென்றே கட்டிய சுவர். மைதானத்தின் பழைய இருக்கைகளும் அதன் எதிரே உண்டு. ஏழாவது ஆட்டத்தன்று ஒருவர் பல மாநிலங்களைக் கடந்து காரோட்டிப் போய், அப்பாவின் கல்லறைக்கு அருகே உட்கார்ந்து ஆட்டத்தைக் கேட்டதாக நாளிதழ்கள் எழுதின. நாம் இருவரும் சேர்ந்துதான் கேட்போம் என்று அப்பாவுக்குக் கொடுத்திருந்த வாக்காம்.

கிளீவ்லாந்தில் அதே இரவு என்ன நடந்தது என்று யாரும் பெரிதாக எழுதவில்லை. அந்த ஊரும் 1948 முதல் காத்திருந்தது. அந்த அணி இப்போது கார்டியன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது, கோப்பை மட்டும் இன்னும் வரவில்லை. மேஜர் லீக் பேஸ்பாலில் இன்று மிக நீண்ட காலமாகக் கோப்பைக்குக் காத்திருப்பது அந்த ஊர்தான். அங்கேயும் அப்பாக்களும் தாத்தாக்களும் பார்க்காமலே போய்க்கொண்டிருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் யாராவது கிளீவ்லாந்து இருக்கும் ஒஹையோ பக்கம் இருந்தால், அந்த அணி வெல்லும் ஆண்டில் மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குப் போங்கள். ஊர்வலத்துக்கு இடம் பிடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.